சுவரில் யாரை எழுதுவது?

நமது நாட்டில் சுவருக்கு என்றைக்குமே ஓய்வு கிடையாது. சினிமாக்காரர்கள் ஒட்டின நோட்டீசின் மேல் தேர்தல்காரர்கள் வெள்ளையடித்துத் தங்கள் சின்னத்தை எழுதுவார்கள். தேர்தல் முடிந்த மறுவாரமே அந்தச் சின்னத்தின் மேல் சிமெண்டு வியாபாரி தன் கம்பெனியின் பெயரைத் தீட்டிவிடுவார். இவை ஒன்றும் இல்லாத சுவராக ஒன்று அகப்பட்டுவிட்டால் அதன் கீழே ஜனங்கள் மூத்திரம் பெய்வார்கள். அதைத் தடுப்பதற்கென்று வீட்டுக்காரர் பிள்ளையார், முருகன், வேளாங்கண்ணி மாதா, மெக்கா மசூதி ஆகிய எல்லாவற்றையும் வரிசையாக ஓட்டில் பதித்துவிடுவார். உலகத்தைப் படைத்துக் காப்பதாகச் சொல்லப்படும் தெய்வங்களுக்கு நமது ஜனங்கள் கடைசியாகக் கொடுத்திருக்கும் உத்தியோகம் இதுதான். தெய்வத்தைப் பழிக்கிறோம் என்று நம் பேரில் கோபித்துக்கொள்ளுகிறவர்கள் அந்த வீட்டுக்காரர் பேரில் ஒரு நாளாவது கோபித்துக்கொண்டதுண்டா என்று கேட்கின்றோம்.

இது நிற்க. கொஞ்ச காலமாகச் சுவருக்கு வேறொரு வேலையும் வந்து சேர்ந்திருக்கின்றது. ஊரின் சரித்திரத்தையும், ஊருக்கு உழைத்த பெரியவர்களையும் வீதிச் சுவர்களில் பெரிய பெரிய சித்திரங்களாக எழுதுவிப்பது என்பது சர்க்காராலும் நகரசபைகளாலும் ஒரு காரியமாக எடுத்துக்கொள்ளப்பட்டு வருகின்றது. சென்னைக் கார்ப்பரேஷனார் 2009-10 வாக்கில் அண்ணா சாலை முதலிய வீதிகளில் நோட்டீஸ் ஒட்டுவதைத் தடுத்து, அந்தச் சுவர்களில் ஓவியக்காரர்களைக் கொண்டு தமிழ்நாட்டுக் காட்சிகளை எழுதச் செய்தார்கள். பிறகு 2020-ம் வருஷத்தில் கண்ணகி நகரில் இவ்வேலை நடந்தது. கண்ணகி நகர் என்பது, சென்னைக்கு நடுவில் கூவக்கரையிலும் வேறு இடங்களிலும் இருந்த குடிசைகளைப் பெயர்த்து, அந்த ஜனங்களை 2000-ம் வருஷம் முதல் ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்த இடமாகும். 15,000-க்கு மேற்பட்ட வீடுகள் உள்ள அவ்விடத்தின் பெயரைச் சொன்னாலே வேலை கொடுக்கிறவர் முகம் மாறிப்போகும் என்று அங்குள்ள பிள்ளைகள் குறைப்பட்டுக்கொண்ட காலம் ஒன்றுண்டு. அங்கே மாடி உயரத்துக்குச் சுவரில் எழுதப்பட்டவை ராஜாக்களுடைய முகங்கள் அல்ல. அங்கேயே விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தைகளின் முகங்களும் எழுதப்பட்டன. சித்திரம் எழுதினதால் குழாயில் தண்ணீர் வந்துவிடாது என்பது நமக்குத் தெரியும். ஆனாலும், தன் வீட்டுப் பெண்ணைப்போல ஒரு பெண் அவ்வளவு உயரத்தில் சிரித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கிற ஒரு தாயார் அன்றைக்கு என்ன நினைத்திருப்பாள் என்பதையும் நாம் அலட்சியம் செய்வதற்கில்லை.

பட்டணத்தில் தொடங்கினது பட்டணத்தோடு நிற்காது. ரோடு போன இடமெல்லாம் வர்ணடப்பாவும் போகும். ஆகவே ஜவ்வாது மலைக்கும் இந்த வேலை முழுவதுமாய் வந்து சேருவதற்கு முன்பே நமது அபிப்பிராயத்தைச் சொல்லி வைத்துவிடலாம் என்று கருதுகின்றோம்.

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று ஜில்லாக்களுக்கும் நடுவே கிடக்கின்ற அந்த மலையில் மலையாளிகள் என்று சொல்லப்படும் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். (கேரள தேசத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆளுகிறவர்கள், மலையில் வசிக்கிறவர்கள் என்பதனால் வந்த பெயர்.) சாமையும் தேனும் புளியும் கடுக்காயும் கீழே இறங்கி வருகின்றன, கீழேயிருந்து கூலிக்கு ஆள் பிடிக்கிற தரகர்கள் மேலே ஏறிப் போகிறார்கள். ஜமுனாமரத்தூரில் வெயில் காலத்தில் கோடை விழா நடக்கின்றது. அந்த மாதிரி விழாக்களை உத்தேசித்து ஒரு சுவரைப் படமாக்க வேண்டுமென்று எந்த அதிகாரியாவது நினைத்தால், முதலில் அவர் மனதுக்கு வரக்கூடியது என்ன? தலையில் இறகு செருகிக்கொண்டு மேளத்துக்கு ஆடுகின்ற நாலு ஆணும் நாலு பெண்ணும், பக்கத்தில் ஒரு அருவி, ஒரு மயில். இதற்கு மேல் அவருக்குத் தோன்றினால் முருகன் வள்ளியைக் கண்ட காட்சி என்று ஒன்றை எழுதச் சொல்லுவார். மலைப்பெண்ணைப்பற்றி நமது புராணக்காரர்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவள் ஒரு சாமிக்கு இரண்டாந்தாரமாய்ப் போனாள் என்பதுதானே!

ஆடுகிறவர்களை எழுதக்கூடாது என்பது நமது கட்சியல்ல. ஆட்டமும் மேளமும் அவர்களுடையவை. அவற்றை இழிவு என்று சொல்ல நமக்கு எவ்வித யோக்கியதையும் கிடையாது. ஆனால், கீழேயிருந்து காரில் வருகிறவர் பார்த்துச் சந்தோஷப்படுவதற்காக மட்டும் ஒரு ஜனசமூகத்தைச் சுவரில் ஆடவைப்பதும், அதே சமூகத்தார் வெயிலில் கல் உடைப்பதையும், ஊர்விட்டு ஊர் போய்க் கூலி செய்வதையும், அவர்கள் பிள்ளை பள்ளிக்கூடம் போய் வருவதையும் ஒரு மூலையில்கூட எழுதாமல் விடுவதும் அவர்களைக் கௌரவிப்பது ஆகாது. அது காட்சிச்சாலையில் வைப்பதே ஆகும்.

உண்மையைச் சொல்லப்போனால், ஊருக்கு உழைத்தவனுடைய உருவத்தைப் பொது இடத்தில் எழுதி வைக்கும் வழக்கத்தை அந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் பட்டணத்தார் போய்க் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. மலையின் அடிவாரத்திலுள்ள செங்கம் வட்டாரம் முழுவதும் நடுகற்கள் நிற்கின்றன. தமிழ்நாடு தொல்பொருள் ஆராய்ச்சித்துறையார் அவற்றைத் தேடிப் படித்து, 1972-ம் வருஷத்தில் "செங்கம் நடுகற்கள்" என்ற பெயரால் ஒரு புஸ்தகமே வெளியிட்டிருக்கிறார்கள். அவற்றில் எடுத்தனூர்க் கல் ஒன்றை மாத்திரம் வாசகர்களுக்குச் சொல்லுகின்றோம். மகேந்திரவர்மப் பல்லவனுடைய 34-வது ஆட்சியாண்டில், அதாவது ஏறக்குறைய 1,400 வருஷங்களுக்கு முன்பு, கருந்தேவக்கத்தி என்னும் ஒருவன் எருமைகளைக் காக்கப்போய் மாண்டான். அவனுக்கு எடுத்த கல்லில் அவன் உருவத்தோடு கூட அவனுடைய நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கின்றது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதும், அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்பதும் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

இந்தக் கல்லில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். ஆள் யார், எந்த ராஜா காலம், எத்தனையாவது வருஷம், எதற்காகச் செத்தான் என்பவை இருக்கின்றன. கூட நின்ற நாய்க்குக்கூடப் பெயர் சொல்லி நன்றி காட்டப்பட்டிருக்கின்றது. அவன் எந்த அவதாரம், எந்த ரிஷியின் கோத்திரம், எந்த யாகத் தீயில் பிறந்தவன் என்கிற புளுகு ஒன்றும் இல்லை. எருமை மேய்க்கிற ஒருவன் செய்த காரியத்தை, செய்தது செய்தபடி எழுதிவைத்தார்கள். இன்றைக்குப் பெருந்தொகை செலவு செய்து சுவர் எழுதுகிற நமது நகரசபைகள், படத்தின் கீழே ஒரு பெயரும் ஒரு வருஷமும் எழுதவேண்டும் என்பதையே பல இடங்களில் மறந்துவிடுகிறார்கள். 1,400 வருஷத்துக்கு முந்தின கல்தச்சனுக்கு இருந்த பொறுப்பு இவர்களுக்கு ஏன் இல்லை?

பிறகு அந்தக் கற்களுக்கு நேர்ந்த கதி இன்னும் கவனிக்கத்தக்கது. எழுத்து வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துபோன பின், கல்லில் நின்றவன் மனிதன் என்பது மறந்துபோய்விட்டது. மஞ்சள் பூசினார்கள், எண்ணெய் ஊற்றினார்கள், வேடியப்பன் என்று பொதுவாக ஒரு பெயர் வைத்து ஆடு வெட்டினார்கள். எருமையைக் காக்க உயிரைவிட்டவன் ஆடு வாங்குகிற சாமியாகிவிட்டான். அவனுடைய சொந்தப் பெயர் எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் பல நூறு வருஷம் கிடந்து, கடைசியில் கல்வெட்டுப் படிக்கிறவர்கள் வந்துதான் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. ஒரு மனிதனை மறக்க அவனை இகழ வேண்டுமென்பதில்லை, கும்பிட்டாலும் போதும். நாளைக்கு ஜமுனாமரத்தூர்ச் சுவரில் ஒரு உழைப்பாளியை எழுதி, அவன் தலைக்குப் பின்னால் ஒரு ஒளிவட்டத்தையும் போட்டுவிட்டால், அடுத்த தலைமுறையில் அங்கே சூடம் கொளுத்தப்படும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

மலைக்கு மேலே இன்னும் பழைய காலத்துக் கற்றிட்டைகள் இருக்கின்றன. பெரிய பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடியாக வைத்த, இறந்தவர்களுக்கான அமைப்புகள் அவை. குள்ள மனிதர்கள் குடியிருந்த வீடு என்று ஒரு கதை அவற்றுக்கு உண்டு. தமிழ்நாட்டில் வேறு பல இடங்களில் இப்படிப்பட்ட கற்களைப் பாண்டவர்களோடு சம்பந்தப்படுத்திவிட்டார்கள். தன் ஊர்க் கிழவன் தூக்கி வைத்த கல்லை அஸ்தினாபுரத்தானுக்கு எழுதிவைப்பதில் நமது ஜனங்களுக்கு அவ்வளவு தாராளம். குள்ளர் கதையையும் சுவரில் எழுதட்டும். வேண்டாம் என்று சொல்லவில்லை. அது கதை என்று கீழே ஒரு வரி எழுதி, பக்கத்தில் அக்கற்களைத் தூக்கி நிறுத்தின மனிதர்களையும் எழுதட்டும்.

கதை என்றதும் மற்றொன்று ஞாபகம் வருகின்றது. தர்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர் 1909-ம் வருஷத்தில் வெளியிட்ட தென்னிந்திய ஜாதிகளைப் பற்றிய பெரிய புஸ்தகத்தில், ஜவ்வாது மலையாளிகளின் பூர்வீகம் என்று ஒரு கதை சொல்லப்பட்டிருக்கின்றது. காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வெள்ளாளரிடம் கங்குந்தி வேடர்கள் பெண் கேட்டார்களாம். வெள்ளாளர்கள் இகழ்ந்து மறுக்கவே, வேடர்கள் ஏழு கன்னிகளைத் தூக்கிக்கொண்டு போனார்களாம். மீட்பதற்கு ஏழு பேர் ஏழு நாய்களோடு புறப்பட்டார்களாம். நாய்கள் மாத்திரம் திரும்பி வந்தால் நாங்கள் செத்ததாக வைத்துக்கொள்ளுங்கள் என்று பெண்சாதிகளிடம் சொல்லிப் போனார்களாம். பாலாற்றில் வெள்ளம், நாய்கள் திரும்பிவிட்டன, வீட்டிலிருந்தவர்கள் கருமாதி செய்து தாலி அறுத்துவிட்டார்கள். ஆண்கள் உயிரோடு வந்து பார்த்தால் தங்கள் பெண்சாதிகள் விதவைகள்! ஆகவே அவர்கள் வேடப் பெண்களைக் கட்டிக்கொண்டு ஜவ்வாது மலைக்குப் போய்விட்டார்களாம்.

புருஷன் நேரில் வந்து வாசலில் நின்றாலும், ஒரு தரம் தாலி அறுத்தவள் அறுத்தவளே என்று சொல்லுகின்ற அந்த ஜாதி ஆசாரத்தின் மூடத்தனத்தைப்பற்றி நாம் ஒன்றும் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. நாம் கவனிப்பது வேறு. "நீங்கள் அசலில் மேல்ஜாதிக்காரர்கள், எப்படியோ மலைக்கு வந்துவிட்டீர்கள்" என்று மலைஜனங்களை மகிழவைப்பதற்கே இந்தக் கதை பயன்படுகின்றது. கதை பெருமையாய்ப் பேசுவதெல்லாம் காஞ்சிபுரத்து வம்சத்தைப்பற்றித்தான். மலையில் காடு திருத்திக் குடும்பம் நடத்திய வேடப் பெண்களைப்பற்றி அல்ல. காஞ்சிபுரத்திலிருந்து வந்தால்தான் மனிதனுக்கு மரியாதையா? மலையிலேயே பிறந்து, சாமை விதைத்து, தேன் எடுத்து வாழ்ந்தவனுக்கு மரியாதை கிடையாதா? சுவரில் மலைமக்களின் சரித்திரம் என்று இந்தக் கதையை எழுதுவார்களேயானால், அது மலைமக்களின் சரித்திரமாகாது. ஜாதியின் விளம்பரமே ஆகும்.

பின்னே யாரைத்தான் எழுதுவது என்று கேட்கலாம். விஷயத்துக்கு அந்த மலையில் குறைச்சலே கிடையாது.

ஆலங்காயத்துக்குப் பக்கத்தில் காவலூர் இருக்கின்றது. 1960-களின் கடைசியில் அங்கே வான ஆராய்ச்சி நிலையம் அமைக்கப்பட்டது. அதை உண்டாக்குவதில் முக்கியமாய் உழைத்த வைணு பாப்பு 1982-ல் காலமானார். அவர் முயற்சியால் இந்நாட்டிலேயே கட்டப்பட்ட, ஏழரை அடிக்கு மேல் அகலமுள்ள கண்ணாடி வைத்த பெரிய தூரதர்சினி 1986-ம் வருஷம் திறக்கப்பட்டபோது அவர் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. 1977-ம் வருஷத்தில் யுரேனஸ் என்னும் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டபோது, அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. நமது பஞ்சாங்கக்காரர்களின் ஒன்பது கிரகங்களில் யுரேனஸுக்கு இடமே கிடையாது. அது இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. ஆயினும் மனிதனுடைய நன்மை தீமை எல்லாம் தங்கள் ஒன்பதுக்குள் அடங்கிவிட்டதாகச் சொல்லிக் காசு வாங்குகிறார்கள். 1988-ல் காவலூரிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட ஒரு சிறு கிரகத்துக்கு ஈரோட்டில் பிறந்த கணிதக்காரர் ராமானுஜனின் பெயர் வைக்கப்பட்டிருக்கின்றது. கோவில் சுவரில் ராகு சந்திரனை விழுங்குவதாக எழுதியிருப்பதைப் பார்த்து வளருகின்ற மலைப்பிள்ளைகளுக்கு, கிரகணம் எப்படி உண்டாகின்றது என்று எழுதிக்காட்ட, தன் மலையிலேயே அவ்வளவு பெரிய கண்ணாடி இருக்கின்ற ஊரைவிடப் பொருத்தமான ஊர் வேறெது?

புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி என்ற மலையாளிப் பெண் 2024-ம் வருஷத்தில், தமது 23-வது வயதில், உரிமையியல் நீதிபதி பரீட்சையில் தேறினார். குழந்தை பெற்ற இரண்டாம் நாள் சென்னைக்குப் போய்ப் பரீட்சை எழுதினார் என்பது பத்திரிகைகள் எல்லாவற்றிலும் வந்த சேதி. பெண்ணுக்குத் தீட்டு என்று மூலையில் உட்காரவைக்கிற நாளில் அந்தப் பெண் சட்டப் பரீட்சைக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். இதை எழுதட்டும். ஆனால் முகத்தை மட்டும் பெரிதாக எழுதி, "சாதனைப் பெண்மணி" என்று ஒரு பட்டத்தைப் போட்டு முடித்துவிட வேண்டாம். கைக்குழந்தையோடு வண்டியில் போவதை எழுதட்டும். பழங்குடியினர்க்குரிய இட ஒதுக்கீடும், தமிழில் படித்தவர்களுக்கு உத்தியோகத்தில் கொடுக்கப்படும் முன்னுரிமையும் இன்னவை என்று கீழே எழுதட்டும். பார்க்கிற மற்றொரு பெண்ணுக்கு மாலை போடத் தோன்றுவதைவிட, விண்ணப்பம் போடத் தோன்றினால் அந்தச் சுவருக்குச் செலவு செய்தது வீணாகாது.

இனி அதிகாரிகளுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகின்றோம். 2015-ம் வருஷம் ஏப்ரல் 7-ந் தேதி ஆந்திராவில் சேஷாசலம் காட்டில் 20 தமிழர்கள் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செம்மரம் வெட்டப் போனவர்கள் என்றும், தாக்க வந்ததால் சுட்டோம் என்றும் போலீசார் சொன்னார்கள். பிடித்துக்கொண்டு போய்ச் சுட்டார்கள் என்று மனித உரிமைக்காரர்கள் சொன்னார்கள். செத்தவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். மரம் திருடப் போனவனைச் சுவரில் எழுதி மரியாதை செய்வதா என்று கேட்பார்கள். மரியாதை செய்யும்படி நாம் சொல்லவில்லை. சரித்திரம் எழுதுங்கள் என்கிறோம். கூலிக்கு வெட்டினவன் பிணமாய் மலைக்குத் திரும்பினான். கட்டை வாங்கி விற்றவன் எந்த ஊரில் எந்த மாடியில் இருக்கிறான்? எருமைக்காகச் செத்தவனுக்குப் பெயரும் தேதியும் பொறித்துக் கல் நட்ட சீமையில், வயிற்றுக்காகப் போய்ச் செத்தவர்களின் பெயர்களுக்கு ஒரு சுவரில் நாலு முழம் இடம் கொடுப்பதனால் எந்தச் சட்டம் கெட்டுப்போகும்?

இப்படி எழுதுவது எங்கும் இல்லாத புதுமை என்று நினைக்க வேண்டாம். மெக்ஸிகோ தேசத்தில் 1910-ல் தொடங்கின புரட்சிக்குப் பின், படிக்கத் தெரியாத ஜனங்களுக்குச் சுவரே புஸ்தகமாகட்டும் என்று கல்வி மந்திரி வாஸ்கான்செலோஸ் ஓவியக்காரர்களுக்குச் சர்க்கார் கட்டிடங்களைத் திறந்துவிட்டார். ரிவேரா என்பவர் 1923 முதல் 1928 வரையில் கல்வி இலாகாக் கட்டிடத்தில் நூற்றுக்கு மேற்பட்ட சுவர்ப் படங்களை எழுதினார். அவற்றில் ஒன்று, வெட்டவெளியில் தரையில் உட்கார்ந்து குடியானவர்களுக்குப் பாடம் சொல்லும் ஒரு கிராமத்து வாத்தியாரம்மாளையும், அவளுக்குத் துப்பாக்கியோடு காவல் நிற்கும் குதிரைக்காரனையும் காட்டுகின்றது. அதே ரிவேரா நியூயார்க்கில் கோடீஸ்வரர் ராக்பெல்லருடைய கட்டிடத்தில் எழுதின படத்தில் லெனின் முகம் இருந்ததற்காக, 1934-ல் அந்தச் சுவரையே கொத்தி எடுத்துவிட்டார்கள். சுவருக்குக் கூலி கொடுக்கிறவன் யார் என்பது எவ்வளவு முக்கியமானது என்பதற்கு இது போதும். இத்தாலியைச் சேர்ந்த சார்டீனியா தீவில் ஆர்கோசோலோ என்று ஒரு மலையூர். ஆடு மேய்க்கிறவர்கள் ஊர். 1969-ல் அவர்களுடைய மேய்ச்சல் நிலத்தைப் பட்டாளத்தார் சுடும் பயிற்சிக்கு எடுக்க வந்தபோது ஊரே திரண்டு தடுத்தது. 1975 முதல் அங்கிருந்த பள்ளி உபாத்தியாயர் ஒருவர் தம் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு அந்த ஊர்க் கதையை வீட்டுச் சுவர்களில் எழுத ஆரம்பித்தார். இன்று அந்தச் சித்திரங்களைப் பார்க்கவே வெளிநாட்டார் அந்த மலைக்கு ஏறிப் போகிறார்கள். ஆடவைத்துத்தான் ஆள் சேர்க்க வேண்டும் என்பதில்லை.

ஆதலால், ஜவ்வாது மலையில் சுவர் எழுத நினைக்கிற அதிகாரிகளுக்கும், பணம் கொடுக்க முன்வருகிற கம்பெனிகளுக்கும் நாம் சொல்லுவதாவது: வர்ணம் வாங்குவதற்கு முன் மலைக் கிராமசபைகளைக் கூட்டி, எதை எழுதுவது என்று அவர்களைக் கேளுங்கள், ஆண்களை மாத்திரம் அல்ல, பெண்களையும் கேளுங்கள். உண்டு உறைவிடப் பள்ளிகளில் படிக்கிற பிள்ளைகளிடம் ஆளுக்கொரு நோட்டுப் புஸ்தகத்தைக் கொடுத்து, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது தாத்தா பாட்டிமாரிடம் முதல் பள்ளிக்கூடம் எப்போது வந்தது, ரோடு எப்போது வந்தது, பஞ்சத்தில் என்ன தின்றார்கள், யார் யாரை எதிர்த்து நின்றார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். அந்த நோட்டுகளைப் படித்துவிட்டு ஓவியக்காரர் ஏணியில் ஏறட்டும். படத்துக்குக் கீழே பெயரையும் வருஷத்தையும் நடந்த காரியத்தையும் பிள்ளைகள் படிக்கக்கூடிய பெரிய தமிழ் எழுத்தில் போடட்டும். அது வரையில் அந்தச் சுவர்கள் வெள்ளையாகவே இருக்கட்டும்.